வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்: ஓய்வறியாத ஒரு மரபணு

சென்ற மாத இதழில் இரத்தப் புற்றுநோய் பற்றிய ஒரு கேள்விக்கு விடையளிக்கையில், "சில வகை இரத்தப் புற்றுநோய்களில் ஒரே ஒரு மரபணு அளவுக்கு மீறி இயங்குவதே நோயின் தொடக்கம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து மட்டும் கணிசமான கடிதங்கள் வந்து சேர்ந்துள்ளன. அவற்றுள் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி: "டாக்டர் ஐயா, என் கணவருக்கு வயது 38. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் பாசி வளர்க்கிறேன். நான்கு மாதமாக இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தோம். இரத்தம் சோதித்ததில் வெள்ளையணு 1,86,000 என்று வந்தது. மதுரையில் பார்த்துவிட்டு, நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய், ஒரு மரபணு ஓவராக வேலை செய்கிறது, தினமும் ஒரு மாத்திரை போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மரபணு நல்லதுதானே? அது கூடுதலாக வேலை செய்தால் புற்றுநோய் எப்படி வரும்? புற்றுநோய்க்கு வெறும் மாத்திரை போதுமா, இல்லை எங்களைக் கைவிட்டுவிட்டார்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரை யாரும் கைவிடவில்லை. இந்த வகை இரத்தப் புற்றுநோய்க்குத் தினசரி மாத்திரையே முதல்தர மருத்துவம். ஊசியும் சொட்டு மருந்தும் இல்லை என்பதால் அதைக் குறைந்த மருத்துவமாக எண்ண வேண்டாம். அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் மரபணுவின் கதைக்குள் சற்றுப் போக வேண்டும்.

மரபணு நல்லதுதான். வேலை செய்ய வேண்டிய நேரத்தில் செய்து, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்திக்கொள்ளும் வரை அது நல்லது. நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பல ஆயிரம் கோடி வெள்ளையணுக்களைப் பிறப்பிக்கிறது. ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் பழைய அணுக்கள் நாள்தோறும் மடிகின்றன. இந்த வரவும் செலவும் ஒத்துப்போவதால்தான் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை என்ற அளவு ஆயுள் முழுவதும் பெரிதாக மாறாமல் நிற்கிறது. உங்கள் கணவருக்கு அது 1,86,000. இத்தகைய இரத்தத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், வழக்கமாகச் சிவப்பணுக்களுக்கு நடுவே தேடிப் பிடிக்க வேண்டிய வெள்ளையணுக்கள், திருவிழாக் கூட்டம்போல் தோளோடு தோள் இடித்து நிற்கும். முழுமையாக முதிர்ந்தவை, பாதி முதிர்ந்தவை, மஜ்ஜையை விட்டே வெளியே வரக்கூடாத இளம் அணுக்கள் என எல்லாப் பருவமும் ஒரே தகட்டில் கிடக்கும். அதைக் கண்டவுடனேயே நோய் இன்னதாக இருக்கும் என்று ஊகித்துவிடலாம். அதை உறுதி செய்வது மரபணுப் பரிசோதனை.

நீங்கள் பாசி வளர்ப்பவர் என்பதால் ஒன்றை எளிதாகச் சொல்ல முடிகிறது. மூங்கில் மிதவையில் நீங்கள் கட்டும் விதைப்பாசி, பெயரில்தான் விதை. உண்மையில் அது முந்தைய அறுவடையில் ஒடித்து வைத்த துண்டு. அந்தத் துண்டும் அதற்கு முந்தைய அறுவடையில் ஒடித்ததே. ஆகவே 45 நாளில் மிதவை நிறைந்து தொங்கும் பாசி முழுவதும், குணத்தால் பார்த்தால், ஒரே செடிதான். உங்கள் கணவரின் இரத்தத்தில் பெருகியிருக்கும் வெள்ளையணுக்களும் அவ்வாறே ஒரு தாயின் துண்டுகள். மஜ்ஜையில் மற்ற இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் குருத்தணு ஒன்றில், ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாள், அணு இரண்டாகப் பிரியும் வேளையில் ஒரு பிழை நேர்ந்தது. அந்தப் பிழையைச் சுமந்துகொண்டு அதன் வழித்தோன்றல்கள் மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிட்டுப் பெருகின.

பிழை என்ன என்பதும் துல்லியமாகத் தெரியும். மனித உயிரணுவில் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 46 இருக்கின்றன. அவற்றுள் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் முறிந்து, முறிந்த துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. 9-இல் முறிவு விழுந்த இடத்தில் இருந்த மரபணு ஏபிஎல். 22-இல் இருந்தது பிசிஆர். இரண்டும் ஒட்டி, இயற்கையில் இல்லாத ஒரு கலப்பு மரபணு உருவாயிற்று. (இங்கே ஓர் எச்சரிக்கை. உங்களிடமுள்ள அறிக்கையில் பி.சி.ஆர். என்ற சொல் இரண்டு இடங்களில் வருவதுபோல் காதில் விழும். ஒன்று இந்த மரபணு, மற்றொன்று அதை அளக்கும் பரிசோதனை. ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே மரபணுவைப் புள்ளியில்லாமல் பிசிஆர் என்றும், பரிசோதனையைப் புள்ளி வைத்துப் பி.சி.ஆர். என்றும் எழுதுகிறேன்.)

ஏபிஎல் மரபணு உருவாக்கும் புரதம் ஒரு நொதி. ஏ.டி.பி. என்னும் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி வேறொரு புரதத்தின் மீது பொருத்துவது அதன் தொழில். பாஸ்பேட் ஏறிய புரதம் விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்பும். அது இன்னொன்றை எழுப்பும். இப்படிச் செய்தி கைமாறி அணுவின் கருவை அடைந்து, "பிரிந்து பெருகு" என்ற கட்டளையாக முடியும். இவ்வளவு வலுவுள்ள நொதியை உடல் திறந்தபடி விட்டு வைப்பதில்லை. படகில் வைத்திருக்கும் மடக்குக் கத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். ஏபிஎல் புரதத்தின் தலைப்பகுதியில் சிறிய கொழுப்பமிலத் துணுக்கு ஒன்று உண்டு; அது புரதத்தின் அடிப்பகுதியிலுள்ள ஒரு குழிக்குள் வளைந்து நுழைந்துகொள்ள, கத்தி மடங்கிவிடும். தேவை வரும்போது சற்று நேரம் விரியும், பிறகு மறுபடி மடங்கும். கலப்பு மரபணு உண்டாகும்போது இந்தத் தலைப்பகுதி வெட்டுண்டு போய், அந்த இடத்தில் பிசிஆரின் துண்டு வந்து அமர்கிறது. மடக்கும் கீல் போய்விட்டது. போதாக்குறைக்கு, பிசிஆர் துண்டுக்கு நான்கு நான்காகச் சேர்ந்து பின்னிக்கொள்ளும் குணம் உண்டு. அப்படி அருகருகே வந்த நான்கு புரதங்களும் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றித் தங்களைத் தாங்களே தூண்டிக்கொள்கின்றன. உங்கள் மருத்துவர் ஓவராக வேலை செய்கிறது என்று சொன்னது இதைத்தான்: வேகம் கூடியதைவிட, ஓய்வே இல்லாமல் போனதுதான் கேடு.

ஓயாத இந்த ஒரு நொதியால் மூன்று கேடுகள் ஒன்றாக வருகின்றன. அணு, வெளியிலிருந்து அழைப்பு எதுவும் வராமலே பிரிந்துகொண்டிருக்கிறது. காலம் முடிந்தபின் தானே மடிய வேண்டிய அணு, மடிய மறுக்கிறது. மஜ்ஜையின் சுவரைப் பற்றிக்கொண்டு முதிரும் வரை காத்திருக்க வேண்டிய இளம் அணு, பிடி தளர்ந்து இரத்தத்திற்குள் இறங்கிவிடுகிறது. அவ்வாறு இறங்கியவை போய்த் தங்கும் இடங்களுள் ஒன்று மண்ணீரல். கையளவு இருக்க வேண்டிய அந்த உறுப்பு வீங்கி இரைப்பையை நெருக்கியதால்தான் உங்கள் கணவருக்குச் சோறு இறங்கவில்லை. வாயு என்று நீங்கள் எண்ணியதில் உங்கள் தவறு ஏதுமில்லை. ஆயினும் இடது விலாவுக்குக் கீழே கனம் வாரக்கணக்கில் நீடித்தால், ஓமத்தண்ணீரோடு நிறுத்தாமல் ஓர் இரத்த அணுக் கணக்கெடுப்பும் செய்துகொள்வது நல்லது என்பதை மற்ற வாசகர்களுக்காக இங்கே சேர்த்துவிடுகிறேன்.

இந்தப் பிழையைக் கண்டுபிடித்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் 1960-இல் இந்நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்திற்கு மாறாகக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. அது ஏன் குட்டையாயிற்று என்று 13 ஆண்டுகள் தெரியவில்லை. சிகாகோவில் ஜேனட் ரவ்லி என்ற மருத்துவர், குரோமோசோம் புகைப்படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, 22 இழந்த துண்டு 9-இன் நுனியில் ஒட்டியிருப்பதை 1973-இல் அறிவித்தார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று அவருடைய பிள்ளைகள் கேலி செய்ததாகச் சொல்வார்கள்.

உங்கள் கணவர் விழுங்கும் இமாட்டினிப் மாத்திரை அந்த மேசையின் பேரப்பிள்ளை எனலாம். நொதியில் ஏ.டி.பி. வந்து அமரும் பள்ளத்திற்குள் இம்மருந்து புகுந்து அடைத்துக்கொள்கிறது. ஏ.டி.பி. அமர இடமில்லை, எனவே எடுத்து ஒட்டுவதற்குப் பாஸ்பேட் இல்லை. கட்டளை அங்கேயே நின்றுவிடுகிறது. 2001 மே மாதத்தில் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன், மஜ்ஜை மாற்று செய்துகொள்ள இயலாதவர்களில் பலருக்கு நோய் சில ஆண்டுகளில் முற்றித் தீவிர வடிவம் எடுத்துவிடும். புதிதாக நோய் கண்ட 1,106 பேரைக் கொண்டு நடந்த பன்னாட்டு ஆய்வில், இமாட்டினிப் தரப்பட்ட பிரிவினரில் 10 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருப்போர் 83 விழுக்காட்டினர் எனக் கணக்கிடப்பட்டது. நம் நாட்டில் இம்மாத்திரை எளியவர் கைக்கு எட்டுவதில் உச்ச நீதிமன்றத்துக்கும் பங்குண்டு. மூல நிறுவனத்தின் மருந்து மாதத்திற்கு ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டிக்கொண்டிருந்த காலத்தில், அதன் காப்புரிமைக் கோரிக்கையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. இந்திய நிறுவனங்கள் பல மடங்கு குறைந்த விலையில் தொடர்ந்து தயாரிக்க அத்தீர்ப்பு வழிவிட்டது.

ஒரு நடைமுறைச் செய்தி. மாத்திரையை வயிறு நிறைய உண்ட பிறகு, ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் நிச்சயம். கடலுக்குப் போகும் நாளில், படகேறிய பின் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், கரையில் உணவு முடித்த கையோடு போட்டுக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டால், அலையில் வாந்தியாகி மாத்திரை வீணாவதைத் தவிர்க்கலாம். கண் இமை வீங்குவதும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் இம்மருந்தில் காணப்படுபவை. மருத்துவரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: "என் அண்ணனுக்கு இதே நோய். அவர் மகளை எங்கள் தங்கச்சி மகனுக்குப் பேசி வைத்திருந்தோம். மரபணு நோய் என்கிறார்களே, சொந்தத்தில் கட்டினால் பேரப்பிள்ளைகளுக்கு வந்துவிடுமே என்று இப்போது தங்கச்சி வீட்டார் பின்வாங்குகிறார்கள். நாங்கள் என்ன பதில் சொல்வது?"

மரபணுவில் வந்த நோய் வேறு, மரபுவழி வரும் நோய் வேறு. உங்கள் அண்ணனுக்கு நேர்ந்த முறிவு, அவர் வளர்ந்தபின் மஜ்ஜையின் ஒரு குருத்தணுவில் நிகழ்ந்தது. பிள்ளைகளுக்குப் போகும் விந்தணுவிலோ உடம்பின் மற்ற அணுக்களிலோ அது இல்லை. அவர் மகளிடம் அது இல்லை, மகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளிடமும் இந்த வழியில் வரப் போவதில்லை. ஆகவே இந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு பெண்ணின் திருமணத்தை நிறுத்துவது அநியாயம். உங்கள் தங்கையிடம் இப்பக்கத்தையே காட்டிவிடுங்கள். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பதால் தலசீமியா போன்ற வேறு சில நோய்களுக்கு வாய்ப்புக் கூடும் என்பது தனிச் செய்தி. அதற்கு மணமக்கள் இருவரும் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அண்ணனின் நோயோடு அதற்குத் தொடர்பு இல்லை.

மண்டபத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: "எல்லா இரத்தப் புற்றுநோய்களுக்கும் இந்த ஒரே மரபணுதான் காரணமா? மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறாமல், அது கூடுதலாக இயங்குவதால் மட்டுமே புற்றுநோய் வரலாம் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார். எழுத்து மாறாமல் எப்படி?"

உங்கள் விரிவுரையாளர் சொன்னது சரி. அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மிக் என்னும் மரபணு. அணு பிரிவதற்குத் தேவையான நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தூண்டிவிடும் புரதத்தை அது உருவாக்குகிறது. 8-ஆம் குரோமோசோமில் அதற்கென்று ஓர் இடமும், எப்போது பேச வேண்டும், எப்போது வாய் மூட வேண்டும் என்ற ஒழுங்கும் உண்டு. 14-ஆம் குரோமோசோமில், கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்புரதங்களை உருவாக்கும் மரபணு இருக்கிறது. பி வகை வெள்ளையணுக்களின் வேலையே எதிர்ப்புரதம் செய்வது என்பதால், அந்த அணுக்களில் அவ்விடத்துத் தூண்டுபகுதி இரவும் பகலும் விழித்திருக்கும். 8-இல் இருந்து முறிந்த துண்டு மிக் மரபணுவைத் தூக்கிக்கொண்டு போய் அதன் அருகே ஒட்டிக்கொண்டால், மிக்கின் புரதம் மாறாவிட்டாலும், பக்கத்து வீட்டின் தூண்டலால் அதுவும் ஓயாமல் உற்பத்தியாகும். பிள்ளை நல்ல பிள்ளைதான், சேர்க்கை சரியில்லை என்று வீட்டில் சொல்வார்களே, அதுவே. பர்க்கிட் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் அதன் இரத்தப் புற்றுநோய் வடிவத்திலும் நடப்பது இது. 1982-இல் இது தெளிவாயிற்று.

ஆக, மிகையாக இயங்குவது என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. முதல் கடிதத்தில் பார்த்த ஏபிஎல்லில் புரதமே உருமாறி ஓய்வை இழந்தது. மிக்கில் புரதம் அதேதான், அளவு மிஞ்சியது. மூன்றாவதாக ஃபிளிட்-3 என்ற மரபணுவைச் சொல்ல வேண்டும். அது அணுவின் மேற்பரப்பில் ஓர் ஏற்பியை உருவாக்குகிறது. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து தொட்டால்தான் அந்த ஏற்பி உள்ளே செய்தி அனுப்பும். தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இந்த மரபணு பழுதுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அதன் ஒரு பகுதி இரட்டித்து எழுதப்பட்டிருக்கும், அதனால் யாரும் தொடாமலேயே ஏற்பி செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். வாசலில் ஆளில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கும் வீட்டைப் போன்றது. இதை அடக்க மிடோஸ்டாரின் 2017-இலும் கில்டெரிட்டினிப் 2018-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

நான் அண்மைக்காலமாக ஆவலோடு படித்துவருவது நான்காவது வகையை. கருவில் உடலின் தலை எது, கால் எது என்று வகுத்துக் கொடுக்கும் ஹாக்ஸ் குடும்பத்து மரபணுக்கள், பிறந்தபின் மஜ்ஜையிலும் ஒரு கடமையைச் செய்கின்றன. அவற்றுள் ஹாக்ஸ்-ஏ9 என்பது குருத்தணுவில் விழித்திருந்து, "முதிராதே, பெருகு" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அணு முதிரத் தொடங்கியதும் அது தானாக அணைந்துவிட வேண்டும். தீவிர மைலாய்டு புற்றுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. இங்கே ஹாக்ஸ்-ஏ9 மரபணு பழுதாவதும் இல்லை, பெரும்பாலும் இடம் மாறுவதும் இல்லை. அவர்களில் ஒரு பகுதியினரிடம், அதை ஏற்றி அணைக்கும் பொறுப்பிலுள்ள கே.எம்.டி.2ஏ என்ற வேறொரு மரபணு முறிந்து, கண்டதோடு ஒட்டிக்கொண்டு, அணைப்பதை மறந்துவிடுகிறது. பிறந்து ஓராண்டு நிறையாத குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் பெரும்பகுதி இந்த முறிவால் வருவது. முறிந்த அந்தப் புரதம் வேலை செய்ய மெனின் என்ற இன்னொரு புரதத்தின் கை தேவைப்படுகிறது. அந்தக் கையைத் தட்டிவிடும் ரெவுமெனிப் என்ற மருந்து 2024 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவை தவிர, டி வகை அணுக்களின் தீவிர நோயில் பாதிக்கு மேற்பட்டோரிடம் நாட்ச்-1 என்ற மரபணு மிகையாக இயங்குகிறது. அதுவும் கடைசியில் மிக்கைத்தான் போய்த் தட்டி எழுப்புகிறது.

ஒன்றை மட்டும் தேர்வுக்காக அல்லாமல் உங்களுக்காகச் சொல்கிறேன். பெருக்கத்தைத் தூண்டும் மரபணு ஒன்று மட்டும் தறிகெட்டால், அணுக்கள் பெருகினாலும் முதிர்ந்துகொண்டுதான் இருக்கும். தங்கச்சிமடம் நண்பரின் நாட்பட்ட நோய் அப்படிப்பட்டது. முதிர்ச்சியைத் தடுக்கும் இரண்டாவது பழுதும் சேரும்போதுதான் நாட்கணக்கில் முற்றும் தீவிர நோய் வருகிறது. அந்தத் தடையையே குறிவைத்து நீக்கிய மருத்துவமும் உண்டு. 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டுவதால் வரும் புரோமைலோசைட்டிக் வகையில், வைட்டமின் ஏ-யின் உறவான ஒரு மருந்தும் ஆர்செனிக்கும் அணுக்களை முதிரச் செய்தே நோயைத் தீர்க்கின்றன. நாம் பாஷாணம் என்று அஞ்சும் அதே ஆர்செனிக்கைத் தனி மருந்தாகவே கொடுத்துப் பெற்ற நல்ல பலன்களை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உலகுக்குத் தெரிவித்திருக்கிறது. அந்த வகையில் அணுக்களைக் கொல்ல வேண்டியதில்லை, வளரவிட்டாலே போதும் என்பது மாணவனாக இருந்தபோது என்னை வியக்க வைத்தது; இன்றும் வியக்க வைக்கிறது.

வாலிநோக்கத்திலிருந்து ஒரு வாசகர்: "இருபது வருடமாக வல்லத்து இன்ஜினோடு புழங்குகிறேன். டீசல், பெட்ரோல் வாடையால் இரத்தப் புற்றுநோய் வரும் என்கிறார்கள். செல்போன் கோபுரத்தால் வரும் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?"

கோபுரத்தை மறந்துவிடுங்கள். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் கலந்திருக்கிறது. நீண்ட காலம் மிகுதியாக அதைச் சுவாசிப்பது மஜ்ஜையைக் கெடுக்கும், தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்திற்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. திறந்த கடலில், காற்றோட்டத்தில் இன்ஜின் ஓட்டுவதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. எனக்குக் கவலை தருவது கரையில் நான் கண்ட இரண்டு பழக்கங்கள். கேனிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது ரப்பர் குழாயை வாயில் வைத்து பெட்ரோலை உறிஞ்சி இழுப்பது ஒன்று. வேலை முடிந்தபின் கையிலுள்ள கிரீஸையும் பெயின்டையும் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது மற்றொன்று. கை பம்பு ஒன்றின் விலை பெரிதல்ல. கிரீஸுக்குச் சமையல் எண்ணெயும் சோப்பும் போதும். ஆயினும் நோய் வந்த ஒருவரைக் காட்டி, இதனால்தான் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. பெரும்பாலோருக்கு அணு பிரியும்போது தற்செயலாக நேர்ந்த பிழை என்பதற்கு மேல் காரணம் சொல்வதற்கில்லை.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்: "என் வாப்பாவுக்கு மூன்று வருடமாக இமாட்டினிப் 400 மில்லிகிராம். கவுன்ட் 7,000-இல் நிற்கிறது, மண்ணீரலும் சுருங்கிவிட்டது. போன மாதம் பி.சி.ஆர். 0.05 விழுக்காடு என்று வந்தது. இதுதான் குணமாகிவிட்டதே, ஏன் இன்னும் மாத்திரை என்று வாப்பா கேட்கிறார். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போடாமலும் இருந்துவிடுகிறார். நோன்பு வைக்கவும் விரும்புகிறார். உங்கள் யோசனை வேண்டும்."

0.05 என்பது மகிழத்தக்க எண். சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் 10 விழுக்காட்டுக்குக் கீழ், 6 மாதத்தில் 1-க்குக் கீழ், ஓராண்டில் 0.1-க்குக் கீழ் என்று இறங்குவதே நாங்கள் எதிர்பார்க்கும் போக்கு. ஆனால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று வாப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நோய் கண்டறியப்படும் நாளில் உடலில் தோராயமாக ஒரு இலட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். அதில் 0.05 விழுக்காடு என்றால் இன்னும் 50 கோடி. கவுன்ட் 7,000 என்பது இந்த 50 கோடியைக் காட்டாது. அது காட்டுவது பி.சி.ஆர். மட்டும். மிச்சமிருப்பவற்றுள் உறங்கிக் கிடக்கும் குருத்தணுக்களும் உண்டு. இமாட்டினிப் அவற்றைக் கொல்வதில்லை, விழித்துப் பெருகியவற்றைத்தான் அடக்குகிறது. பாசி அறுத்த கயிற்றில் ஒட்டியிருக்கும் கட்டைத் துண்டை மேலே தங்கச்சிமடம் வாசகி நன்றாக அறிவார்; அது போதும், மிதவை மறுபடி நிறைய.

ஒன்றிரண்டு நாள் விடுவதில் என்ன ஆகிவிடும் என்பதற்கு லண்டனில் செய்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இம்மாத்திரையை நெடுநாளாக உட்கொண்டுவந்த 87 பேரின் மருந்துப் புட்டி மூடியில், ஒவ்வொரு முறை திறப்பதையும் குறித்துக்கொள்ளும் மின்னணுக் கருவியைப் பொருத்தி மூன்று மாதம் பார்த்தார்கள். முடிவு 2010-இல் வெளிவந்தது. பத்தில் ஒன்பது மாத்திரைக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில், ஆறு ஆண்டில் 0.1-க்குக் கீழ் இறங்கும் வாய்ப்பு 94.5 விழுக்காடு. அந்த ஒழுங்கை எட்டாதவர்களுக்கு அது 28.4. வாரத்தில் ஒரு நாள் விட்டாலே மாதத்தில் நான்கு மாத்திரை, அதாவது பத்தில் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. மருந்து குறைந்த நாட்களில் பெருகும் அணுக்களுள், மருந்து அமரும் பள்ளத்தின் வடிவமே மாறிப்போன ஏதேனும் ஒன்று தலையெடுத்தால், பிறகு இதே மாத்திரை அதற்கு உறைக்காது. மறந்துபோன நாளுக்காக மறுநாள் இரண்டாகப் போடவும் வேண்டாம்.

மாத்திரையை முழுவதுமாக நிறுத்துவதற்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பி.சி.ஆரில் நோயின் தடமே தெரியாத நிலையில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்த 100 பேரிடம் பிரான்சில் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஏறத்தாழ 60 பேருக்கு, பெரும்பாலும் முதல் ஆறேழு மாதங்களுக்குள், தடம் திரும்பத் தெரிந்தது. மருந்தை மீண்டும் தொடங்கியதும் பெரும்பாலும் அடங்கியது. மற்றவர்கள் மருந்தின்றி இருந்தார்கள். வாப்பா அந்த வரிசைக்கு இன்னும் வரவில்லை. 0.01-க்கும் கீழே இறங்கி, அங்கேயே இரண்டு ஆண்டாவது நின்ற பிறகு, மாதந்தோறும் பி.சி.ஆர். எடுக்க வசதியுள்ள இடத்தில், மருத்துவரின் கண்காணிப்பில் செய்ய வேண்டிய காரியம் அது. பரிசோதனைக்கூடத்தை மாற்றாமல் ஒரே இடத்தில் எடுத்துவந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

நோன்பைப் பொறுத்தவரை, நாளுக்கு ஒரு வேளை மருந்து என்பதால் வாப்பாவின் மருத்துவர் சம்மதித்தால் பெரும்பாலும் தடையிருக்காது. விடியலுக்கு முன் உண்ணும் சஹரில் போட்டுக் குமட்டல் வந்தால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்க முடியாது. ஆகவே நோன்பு திறந்து, கஞ்சியோடு நிறுத்தாமல் முழு உணவும் உண்டபின், ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு போடுவது நல்லது. போட்ட உடனே படுக்க வேண்டாம், தொண்டை எரியும். தராவீஹ் தொழுகைக்குப் போய்வந்து படுக்கட்டும். கருஞ்சீரக எண்ணெய், லேகியம், கசாயம் எதுவாக இருந்தாலும் இம்மாத்திரையோடு சேர்க்குமுன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பம்பளிமாசு வகைப் பழங்களைத் தவிர்த்துவிடுங்கள், அவை இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடக்கூடும். பெருநாள் கழித்து எடுக்கும் பி.சி.ஆர். எண்ணை எனக்கு ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.